ஈர்ப்பன் செத்த எபிசோட்

எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து நான் எத்தனை பேரைச் சாகடித்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள், கணக்கு கிடையாது. மாமியார்களை மாடிப்படியில் உருட்டியிருக்கிறேன். தங்கமான மாப்பிள்ளைகளை லாரியில் அடிபட விட்டிருக்கிறேன். ஒரே நடிகையை வேறு வேறு சீரியல்களில் ஒரே வாரத்தில் பாடையேற்றிவிட்டு, சாயங்காலம் அஸ்தினாபுரத்துக்கு வந்து நிம்மதியாக முருங்கைக்காய் சாம்பார் வைத்திருக்கிறேன். பாவம் எதுவும் ஒட்டியதாகத் தெரியவில்லை. முதுகுவலிதான் ஒட்டியது, அதுவும் நாற்காலியின் உபயம்.

இப்போது ஓய்வு. போன வாரம் குரோம்பேட்டையில் நம் பழைய எடிட்டிங் அறைக்குச் சும்மா ஒரு காபி குடிக்கலாம் என்று வந்தேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் வேகத்தைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அப்போது உங்களில் ஒருவர் திரையைக் காட்டி, "அக்கா, இது என்ன குப்பை? செத்தவர் எழுந்து பல்லைக் காட்டுறார். டெலீட் பண்ணிடவா?" என்று கேட்டார். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அவர்மேல் கோபமில்லை. யாரும் சொல்லித்தராவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதற்குப் பெயர் சிரிப்பு ஷாட். நம் ஊர் ஷூட்டிங்கில் யாராவது செத்துக்கிடப்பது போல நடித்தால், காட்சி முடிந்ததும் டைரக்டர் 'கட்' சொல்ல மாட்டார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். செத்தவர் கண்ணைத் திறந்து, லென்ஸைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கட். படம்பிடித்த அமங்கலத்தைப் படம்பிடித்தே கழிக்க வேண்டும் என்பது கணக்கு. சாமி கும்பிடாத டைரக்டர்கள்கூட இதை மட்டும் விடமாட்டார்கள். எடுத்த அந்தச் சிரிப்பு எங்கள் மேசைக்கு வரும், ஒரு மூலையில் கிடக்கும், எபிசோட் போனதும் அழிந்துபோகும். என் மேசையிலிருந்து அது ஒளிபரப்புக்குப் போனது கிடையாது. ஒரே ஒரு தடவையைத் தவிர.

ஈர்ப்பன் என்று ஒரு சீரியல், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. பிள்ளைகளுக்கான சூப்பர் ஹீரோ கதை. காலேஜில் பௌதிகம் சொல்லித்தரும் ஒரு சாதுவான வாத்தியாருக்கு, ஆய்வுக்கூட விபத்து ஒன்றில் புவியீர்ப்பை அடக்கும் சக்தி வந்துவிடுகிறது. கையை நீட்டினால் பஸ் காகிதம் மாதிரி மேலே எழும்பும். ஆனால் ஒரு சிக்கல், எதன் பாரத்தை எடுக்கிறானோ அந்தப் பாரம் அவன் நெஞ்சில் ஏறிவிடும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. சும்மா பறந்து பறந்து அடிக்கிறவன் இல்லை பாருங்கள், சுமக்கிறவன்.

எங்கள் டைரக்டர் நிஜமாகவே பௌதிகம் படித்தவர். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர், பிடிவாதத்தில் ரொம்பப் பெரியவர். கிராபிக்ஸில் ஆகாயத்தைச் செய்யப் பணமில்லாததால் தாம்பரத்தைச் சுற்றியே ஆகாயத்தைத் தேடினார். ஒருமுறை வண்டலூர் பக்கம், ஈர்ப்பன் தன் சக்தியை முதன்முதலாக அம்மாவிடம் சொல்லும் உருக்கமான காட்சியை எடுத்தார்கள். சரியாக அந்த நேரத்தில் உயிரியல் பூங்காவிலிருந்து ஒரு சிங்கம் கர்ஜித்துத் தொலைத்தது. சவுண்ட்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நான் அந்தச் சத்தத்தைத் தனியே எடுத்து வைத்து, பிறகு வில்லனுடைய எந்திரம் ஓடும்போது அடியில் போட்டேன். வில்லனுக்கு நல்ல பேர் கிடைத்தது. சிங்கத்துக்கு நன்றி சொல்லத்தான் வழியில்லாமல் போயிற்று.

ஈர்ப்பனாக நடித்தவன் தினேஷ், செம்பாக்கத்துப் பையன். ஜிம்மில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவனை டைரக்டர் பிடித்து வந்தார். ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்த அந்த நீல உடையை அந்த வெயிலில் போட்டுக்கொண்டு, ஒரு நாளும் முகம் சுளிக்காதவன். அவன் அம்மா கன்னியம்மா. ஏரியை நம்பிப் பயிர் வைத்த குடும்பம், இப்போது அந்த நிலத்தில் வாடகை வீடுகள். ஏரிக்கரையை ஒட்டி மிச்சமிருந்த காலிமனையில்தான் எங்கள் ஷூட்டிங் பாதி நடந்தது. கன்னியம்மா அதற்கு வாடகை கேட்டதில்லை. நடுவில் வந்து நின்று, "எல்லாம் துன்ட்டீங்களா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, மத்தியானம் முழுக்கக் கருவாட்டுக் குழம்பு வாசனையில்தான் ஹீரோ பறப்பான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு நாள் சேனல் இந்தக் கதையை முடித்துக்கொள்ளலாம் என்றது. டைரக்டர் வருத்தப்படவே இல்லை. "அப்ப அவன் சாகட்டும்கா. சுமந்தே சாகட்டும்" என்றார். கடைசி எபிசோடை அப்படித்தான் எழுதினார். பெருமழையில் ஏரிக்கரை உடையப் போகிறது. ஊர் சனம் வெளியேறும்வரை ஈர்ப்பன் இரண்டு கையையும் நீட்டி, அத்தனை தண்ணீரின் பாரத்தையும் எடுத்துக்கொள்கிறான். கடைசி ஆள் மேட்டில் ஏறியதும் சேற்றில் சாய்கிறான். காப்பாற்றப்பட்டவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான், முடிந்தது. எடிட் செய்யும்போது எனக்கே கண் கலங்கியது. மாமியார்களை உருட்டியபோது கலங்காத கண்.

கன்னியம்மா வண்டலூரில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து அந்தச் சாவை எடுத்தார்கள். அது தினேஷின் யோசனை. "அம்மா பாத்தா தாங்காதுக்கா" என்றான். அவன் மறந்தது ஒன்றுதான். அம்மா வீட்டிலும் டிவி இருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேனல் முன்னோட்டம் போட்டது. ஈர்ப்பன் சேற்றில் கிடக்கிறான், கண் மூடியிருக்கிறது, மேலே சோக வயலின். சனிக்கிழமை காலை நான் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். சாயங்காலத்துக்குள் எபிசோட் சேனலுக்குப் போயாக வேண்டும். கதவு திறந்தது. கன்னியம்மா. பின்னால் கையில் ஹெல்மெட்டோடு, தப்புச் செய்த பிள்ளை போல தினேஷ்.

"இன்னாமா எடிட்டரம்மா, எம் புள்ள செத்துட்டானாமே" என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"நேத்துலேர்ந்து ஒரே போனு. இன்னா கன்னிமா, உன் புள்ளய சாவடிச்சிட்டாங்களாமேன்னு சிரிக்கிறாளுங்க. அவளுங்களுக்கு சிரிப்பு. எனக்கு வவுத்துல நெருப்பு. பாதி ராத்திரி எழுந்து இவன் மூச்சு வுடறானான்னு போயி பாத்தேன். இவன் நைனாவ அதே மாரி கூடத்துல போட்டு பாத்தவ நானு."

தினேஷ் அவசரமாக, "அம்மா, நான் சிரிச்சேன்மா. சிரிப்பு ஷாட் எடுத்தாங்க. தோஷமெல்லாம் கழிஞ்சிடுச்சு. அக்கா, நீங்க காட்டுங்கக்கா" என்றான்.

காட்டினேன். சேறு பூசிய முகம், அசைவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து டைரக்டரின் குரல், "எழுந்திரு ஈர்ப்பா." கண் திறக்கிறது. மூக்கின்மேல் எங்கிருந்தோ ஒரு தும்பி வந்து உட்காருகிறது. அதைப் பார்க்க முயன்று அவன் கண் இரண்டும் மூக்குப் பக்கம் சேர்ந்துபோக, பிறகு லென்ஸைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறான். கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "இன்னொருவாட்டி போடு" என்றார். போட்டேன். "இன்னொருவாட்டி." போட்டேன். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

"இது நாளைக்கு டிவில வருமா?"

"வராதும்மா. இது நம்ம சம்பிரதாயத்துக்கு எடுக்கறது. இங்கேயே இருக்கும்."

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அப்ப செத்தது ஊருக்கு, எழுந்தது உங்களுக்கா? ஊரே பொணமா பாக்கசொல்ல, ஊரே எழுந்தத பாக்க வாணாமா? பொட்டிக்குள்ள பூட்டி வெச்சுக்கினு தோஷம் கழிஞ்சிச்சுன்னா, யாருக்குக் கழிஞ்சிச்சு?"

இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவளுக்கு அது தோன்றவே இல்லை.

"இது வரலைன்னா இவன் இனிமே எந்த சூட்டிங்குக்கும் போவ வாணாம். ஜிம்மு கீது, வாடக கீது, சோறு கீது" என்றார். தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அடுத்து வேறொரு சீரியலில் நல்ல வேஷம் பேசியிருந்தார்கள். என்னிடம் மெதுவாக, "அவங்க வேணாம்னா நான் போகமாட்டேன்கா" என்று மட்டும் சொன்னான். அப்போதுதான் இது வெறும் மனத்தாங்கல் இல்லை என்று எனக்கு உறைத்தது. இந்தப் பையனின் நடிப்பு பிழைப்பதும் சாவதும் என் மேசையில் இருந்தது.

டைரக்டருக்குப் போன் போட்டேன். பக்கத்தில்தான் இருந்தார், பைக்கில் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "அக்கா, சான்ஸே இல்ல. அவன் உயிரைக் கொடுத்தான்னு காட்டத்தான் இந்த சீரியலையே எடுத்தேன். கடைசியில பல்லைக் காட்டினா மொத்தமும் காமெடி ஆயிடும். பசங்க நம்மள நம்பவே மாட்டாங்க."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் எடிட்டர் உத்தியோகம். டைரக்டர் சொன்னதும் சரி. கன்னியம்மா சொன்னதும் சரி. நான் ஒரு முயற்சி செய்து பார்த்தேன். கடைசி ஷாட்டுக்குப் பின்னால் சிரிப்பை ஒட்டினேன். ஐயோ, கண்றாவி. ஊர் சனம் கண்ணீரோடு பார்க்க, ஈர்ப்பன் எழுந்து 'ஏமாந்தீங்களா?' என்று கேட்பது போல இருந்தது. டைரக்டர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கன்னியம்மாவே, "நல்லா இல்ல. சனத்த கேலி பண்றாப்ல கீது" என்று சொல்லிவிட்டார். சரி, நடிகர் பெயர்கள் ஓடும்போது போடலாமா? அந்த நேரத்தில் சேனல் நம் திரையை மூலையில் தபால்தலை சைசுக்குச் சுருக்கிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்கு விளம்பரம் போடும். அங்கே ஈர்ப்பன் எழுந்தால் எறும்புக்குத்தான் தெரியும்.

இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியும். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லப் பார்ப்பீர்கள். வேண்டாம். யார் சரி என்று கேட்டால் ஒருவர் தோற்றாக வேண்டும். எங்கே வைப்பது என்று கேளுங்கள், அதுதான் நம் வேலை. பாம்பும் சாகணும், தடியும் முறியக்கூடாது. நான் எழுந்துபோய் எல்லோருக்கும் டீ சொன்னேன். டீ வரும்வரை அந்த எபிசோடை ஆரம்பத்திலிருந்து மனசுக்குள் ஓட்டினேன். ஆரம்பத்தில் என்ன வருகிறது? எச்சரிக்கை அட்டை. 'இக்காட்சிகள் தக்க பாதுகாப்புடன் படமாக்கப்பட்டவை, சிறுவர்கள் முயன்று பார்க்க வேண்டாம்' என்று ஒரு கரகரத்த குரல் வாசிக்கும். கடைசியிலும் அதே அட்டை மறுபடி வரும். அது சேனலின் விதி. அந்த அட்டையை மட்டும் சேனல் சுருக்காது. முழுத்திரையில் போடும்.

டீ வந்ததை நான் கவனிக்கவே இல்லை.

சொன்னேன். கதை முடியட்டும். திரை முழுசாக இருளட்டும். ஈர்ப்பன் செத்தது செத்ததுதான். அதற்கப்புறம் வரும் அந்த எச்சரிக்கை அட்டைக்குப் பதிலாக இந்தச் சிரிப்பு. எழுந்திருப்பது ஈர்ப்பன் இல்லை, தினேஷ். கரகரத்த குரலுக்குப் பதில் அவன் குரலிலேயே பிள்ளைகளுக்கு எச்சரிக்கை.

தினேஷின் முகம் மலர்ந்தது. டைரக்டர் மட்டும் அசையவில்லை. "இருட்டு அப்படியே மனசுல தங்கணும்கா" என்றார். நான் அவரோடு வாதாடவில்லை. "எபிசோடோட கடைசியை அம்மாவுக்குப் போட்டுக் காட்டறேன். நீங்க திரையைப் பாக்காதீங்க. அவங்களைப் பாருங்க" என்றேன். இதை மட்டும் எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் திரையைப் பார்க்காதே, பார்க்கிற முகத்தைப் பார். என் குரு ஒருவர், எந்நேரமும் வெற்றிலை போட்டுக்கொண்டு எரிந்து விழுவார், அவர் சொன்னது அது.

ஓடவிட்டேன். மழை, ஏரி, நீட்டிய கைகள். ஈர்ப்பன் சாயும்போது கன்னியம்மா அழவில்லை. கண்ணையும் மூடவில்லை. கையைப் பின்னால் நீட்டித் துழாவி, நின்றிருந்த மகனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திரை இருண்டது. பிடி விடவில்லை. நான் வேண்டுமென்றே அடுத்ததைப் போடவில்லை. அறையில் ஏசி சத்தம் மட்டும். அவர் விரல்கள் அந்த நாடியின்மேலேயே இருந்தன.

டைரக்டர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு, "சிரிப்பு ஷாட் அட்டையை விட நீளமா இருக்குமேக்கா. டைம் எங்க எடுக்கப் போறீங்க?" என்றார்.

"நீங்கதான் சொல்லணும்."

"மழைத்துளி ஸ்லோ மோஷன்ல விழுதுல்ல, அந்த ஷாட்டை எடுத்துக்கோங்க."

அந்த மழைத்துளிக்காக அவர் ஒரு நாள் முழுக்கத் தோட்டக் குழாயோடு போராடியது எனக்குத் தெரியும். அவர் கண்ணைப் பார்க்காமலே வெட்டினேன்.

பிறகு தினேஷை மைக் முன்னால் உட்கார வைத்தோம். எழுதிக்கொடுத்ததை ஒப்பித்தான், ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருந்தது. "எழுதினதைக் கீழ வெய்டா, பக்கத்து வூட்டுப் பசங்ககிட்ட எப்டி பேசுவ?" என்று அம்மா அதட்டினார். அதற்கப்புறம் சொன்னதுதான் போனது. "பசங்களா, பயந்துட்டீங்களா? நான் நல்லாத்தான் இருக்கேன். என் பேரு தினேஷ். கயிறு கட்டித்தான் பறந்தேன். நீங்க யாரும் மொட்டை மாடியிலேர்ந்து குதிக்காதீங்க, சரியா?" சேனலில் நிகழ்ச்சி அதிகாரிக்குப் போனில் விளக்கினேன். பிள்ளைகளுக்கு எச்சரிக்கை இன்னும் நன்றாகப் போய்ச் சேரும் என்றதும் அவர் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். பொய்யில்லை, உண்மையைத்தான் சொன்னேன். எந்த உண்மையை முதலில் சொல்வது என்பதும் எடிட்டிங்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கன்னியம்மா என்னைச் செம்பாக்கத்துக்கு வரச்சொல்லியிருந்தார். டைரக்டரும் வந்தார். கூடம் முழுக்க வாடகை வீட்டுப் பிள்ளைகள், வாசல்வரை உட்கார்ந்திருந்தார்கள். தினேஷை உள்ளறையில் ஒளித்து வைத்திருந்தார்கள். எபிசோட் ஓடியது. ஈர்ப்பன் சாய்ந்தபோது ஒரு பெண் குழந்தை விசும்பியது. திரை இருண்டது. கூடத்தில் மூச்சு சத்தம்கூட இல்லை. டைரக்டர் ஆசைப்பட்ட இருட்டு அவருக்குக் குறையில்லாமல் கிடைத்தது, அதைப் பார்த்தேன்.

பிறகு சேற்று முகம். கண் திறந்தது. தும்பி உட்கார்ந்தது. சிரிப்பு. விசும்பிய குழந்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இது தினேஷ் அண்ணா. ஈர்ப்பன்தான் செத்துட்டாரு" என்று பக்கத்துப் பையனுக்கு விளக்கியது. அதற்கு எல்லாம் சரியாகப் புரிந்திருந்தது. டைரக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு முதன்முறையாகச் சிரித்தார். உள்ளே இருந்து தினேஷ் வந்ததும் பிள்ளைகள் அவன்மேல் ஏறி விழுந்தார்கள். அடுத்த சீரியலுக்கு அவன் போனான். இன்னும் நடித்துக்கொண்டிருக்கிறான். எங்கே செத்தாலும் ஒப்பந்தம் பேசும்போதே எழுந்திருக்கும் ஷாட்டையும் சேர்த்துப் பேசுகிறானாம்.

கன்னியம்மா அந்தக் கூச்சலில் சேரவில்லை. கற்பூரத்தை ஏற்றி மகனுக்குச் சுற்றினார். பிறகு ஒரு கணம் யோசித்து, டிவிக்கும் ஒரு சுற்று சுற்றினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். தட்டை வைக்க அவர் அடுக்களைக்குப் போனபோது நானும் கூடப் போனேன்.

"இப்ப திருப்திதானேம்மா?" என்றேன்.

அவர் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "அவங்க நைனாவ கூடத்துல போட்ருக்கசொல்ல நான் அழவே இல்லமா. எல்லாரும் கல்லுன்னாங்க. நான் மூஞ்சியையே பாத்துகினு இருந்தேன். சொம்மா வெளாட்டுக்கு படுத்துகினு கீறாரு, இப்ப சிரிப்பாரு, இப்ப சிரிப்பாருன்னு. எடுக்கற வரிக்கும் பாத்தேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இவன் சிரிக்கசொல்ல அப்டியே அவராட்டமே கீது. நீ பாத்ததில்லல்ல. இன்னிக்கு பாத்துட்ட."

அவர் தோளைத் தொட்டேன். அவர் ஒரு தட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"சொம்மா நிக்காத. உக்காரு, வடை ஆறுது" என்றார்.